லேஸை இழுத்துப் பார்த்தவர்

காலை ஆறு மணிக்கு நான் ஜிம்முக்குள் நுழைந்தால் அவர் வணக்கம் சொல்ல மாட்டார். குனிவார். என் ஷூ லேஸின் முடிச்சை இரண்டு விரலால் பிடித்து, டக், டக் என்று இரண்டு தடவை இழுப்பார். முடிச்சு தாங்கினால் ஒன்றும் சொல்லாமல் நிமிர்வார். அவிழ்ந்தால், "இத்த நம்பியா வூட்ட வுட்டு வந்த?" என்பார். என் வீட்டில்கூட என்னை இவ்வளவு அக்கறையாக யாரும் சந்தேகப்பட்டதில்லை.

எனக்கு மட்டும் இந்த மரியாதை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூடி, லாக்கர் பூட்டு, உத்தரத்தில் தொங்கும் கயிறு, எதுவாக இருந்தாலும் இரண்டு இழுப்பு. ஜிம் முதலாளி ரஃபி பாயின் அடர்த்தியான தலைமுடியை ஒரு நாள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் பாய் தொப்பியோடுதான் வந்தார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "எம் பேர எதுக்கு எழுதுன?" என்று எங்கிருந்தாவது கேட்பார். நாங்கள் அக்கா என்றோம். ஐம்பதை நெருங்கிய வயது. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் நீளமான ஒரு நோட்டு. திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கேட்டில் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் சீல் மாட்டியிருக்கும். அதன் நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, பிறகு சீலைக் கையால் இழுத்தும் பார்க்க வேண்டும்.

"அல்லாரும் நம்பரப் படிச்சிட்டு வுட்ருவாங்க. நம்பரு கரீட்டாத்தான் இருக்கும். இஸ்து பாத்தாத்தான் தெரியும்" என்பார்.

"எப்பவாவது கையோட வந்துகீதா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தபா இஸ்து பாக்கல" என்றார். என் தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடித்து இரண்டு தடவை இழுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபின் மீதியைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

எங்கள் ஜிம் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கோடவுன். ஒரு காலத்தில் மிளகாய் மூட்டை அடுக்கிய இடம். இப்போதும் ஆழமாக மூச்சிழுத்தால் தும்மல் வரும். அங்கேதான் நாங்கள் ஹைப்ரிட் ஃபிட்னஸ் போட்டிக்குத் தயாரானோம். அது என்னவென்றால், ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடி முடித்த மூச்சோடு ஒரு வேலை செய்ய வேண்டும். எடை ஏற்றிய வண்டியைத் தரையில் தள்ளுவது, அதையே கயிறு கட்டி இழுப்பது, துடுப்பு மெஷினை வலிப்பது, மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முட்டி மடக்கி நடப்பது, இப்படி. எட்டு ஓட்டம், நடுநடுவே எட்டு வேலை. இதையே துறைமுகத்தில் செய்தால் கூலி தருவார்கள். நாங்கள் கட்டணம் கட்டிச் செய்தோம்.

நான் வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபார நைட்டிக் கடையில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்க மடித்து அடுக்குவதுதான் என் உடற்பயிற்சி. அதனால் முதல் போட்டியை முடித்ததே எனக்கு உலக சாதனையாகத் தெரிந்தது. ஏன் இவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருந்தேன்: வண்டி தள்ளும் இடத்தில் தரை விரிப்பு சொரசொரப்பு, துடுப்பு மெஷின் மக்கர், முந்தைய நாள் சாப்பிட்ட இறால்.

அக்கா ஒன்றையும் நம்பவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் ஒவ்வொருவருடைய நேரத்தையும் துண்டு துண்டாகப் பிரித்து வெளியிடுவார்கள். அவர் அதை ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்து, தன் நோட்டில் யார்டில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டார். வந்த நேரம், போன நேரம், நின்ற நேரம், காரணம்.

"ஓட்டத்துல நீ சுமாரு. தள்றது சுமாரு. அதெல்லாம் கெடக்கட்டும். ஓட்டத்துக்கும் வேலைக்கும் நடுவுல ஒம்போது நிமிசம் காணோம். எங்க போன?"

"தண்ணி குடிச்சேன் அக்கா."

"ஒம்போது நிமிசமா? ஒட்டகமா நீ?"

மறுநாள் நான் பெருமையாக ஜிம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட புகைப்படங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினாலு. ஒவ்வொன்றிலும் நான் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளிழுத்து, விரலை உயர்த்திக்கொண்டு நின்றேன். எந்தப் படத்திலும் ஓடவில்லை.

"எங்கெல்லாம் கேமரா நின்னுச்சோ, அங்கெல்லாம் நீயும் நின்னுகீற" என்றார். காரணம் என்ற இடத்தில் 'போட்டோ' என்று எழுதிக் கோடிட்டார். இறாலை விட்டுவிட்டார்.

இப்படியே ஒவ்வொருவரையும் உரித்தார். முழங்கால் வலி என்று சொன்னவனிடம், கடிகாரத்தைப் பார்க்க நின்ற நேரத்தைக் கூட்டிக் காட்டினார். வேகமாகத் தொடங்கியதுதான் தன் பலம் என்று நினைத்தவனுக்கு, முதல் கிலோமீட்டரில் சம்பாதித்ததை ஆறாவதில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்ததைக் காட்டினார். மெதுவாக வந்தவர்களைக்கூட விட்டுவிடுவார். திடீரென்று வேகமாக வந்தவன்தான் அவரிடம் மாட்டிக்கொள்வான். "லேட்டாச்சுன்னா ஆயிரம் காரணம் கீது. ஃபாஸ்ட்டானா எவனும் காரணம் கேக்க மாட்டான். அதான் டவுட்டு" என்பார்.

இப்படிப்பட்டவர் மேல் எங்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? எல்லோர் போட்டியையும் ஆராய்கிற இவர் ஒரு போட்டியிலும் இறங்கியதில்லை. மணல் மூட்டையைத் தூக்குவார், தள்ளுவார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்துவிடுவார். எதிர் ஜிம்காரன் அனுப்பிய ஆள் என்றார் ரஃபி பாய். இன்சூரன்ஸ்காரர்கள் என்றான் ஒருவன். உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நாள் முகக்கவசம், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் ஏறிய எண்ணூர் பஸ்ஸில் நானும் ஏறிப் பின்சீட்டில் பதுங்கினேன். கண்டக்டர் வந்தார். அக்கா திரும்பாமலே சொன்னார்:

"எனக்கு ஃப்ரீ டிக்கெட்டு. பின்னால தொப்பி போட்டுகினு ஒக்காந்துகீதே, அதுக்கு அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு குடுங்க. அது வண்டி ஜிம்மு வாசல்லயே நிக்குது."

இறங்கி நடந்தே திரும்பினேன்.

இப்போது லாரிக் கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. எண்ணூர் போகும் சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் ஒரு பக்கமாக வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் என் பள்ளித் தோஸ்து அந்தோணியின் பைக் மீட்டரை வைத்து அளந்தேன். அறுபது லாரி, ஒரு கிலோமீட்டர். போனில் அளக்கலாமே என்பீர்கள். என் போன் பேட்டரியும் என்னைப் போலத்தான், ஒரு கிலோமீட்டர் தாங்காது. ஆகவே துறைமுகப் பக்கமிருந்து வடக்கே பார்த்து ஓடுவேன். லாரிகளை எண்ணுவேன். அறுபது வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். டிரைவர்கள் டீ கிளாஸோடு உற்சாகப்படுத்துவார்கள்: "இன்னாண்ண, நாய் எதுனா தொரத்துதா?"

ஒரே மாதத்தில் ஆறரை நிமிஷத்திலிருந்து ஐந்தேகாலுக்கு வந்துவிட்டேன். ஜிம்மில் அறிவித்தேன். அந்தோணி கைதட்டினான். ரஃபி பாய் என் தோளைத் தடவினார். அக்கா மட்டும் தேதி கேட்டார். எந்தெந்த நாள் ஐந்தேகால், எந்தெந்த நாள் ஆறரை. சொன்னேன். துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து, யார்டு கேட்டுக்கு வண்டிகள் வந்த நேரத்தைப் புரட்டினார். விரல் ஒவ்வொரு தேதியாக இறங்கியது.

"நீ ஆறரையில ஓடுன நாளுல எங்க கேட்டுக்கு வண்டியே வரல, லைன் நின்னுகினு இருந்துச்சு. நீ பறந்த அஞ்சு நாளும் லைன் நவுந்த நாளு."

"அதனால இன்னா அக்கா?"

"நைனா, லாரிங்க உன்ன பாத்து வந்துகினு இருந்துச்சு. நீ லாரியத் தாண்டல. லாரிதான் உன்னத் தாண்டுச்சு. நீ முக்கா கிலோமீட்டருகூட ஓடுனியோ இன்னாவோ."

கோடவுனே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்கப்படுவது எனக்கு வேலை மாதிரி. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சாலையில் எந்த லாரியைப் பார்த்தாலும் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

இனி அந்தோணி. ராயபுரத்துக்காரன். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் பார் தூக்கும் வேலை. எங்கள் ஜிம்மிலேயே ஒழுங்காகப் பயிற்சி செய்த ஒரே ஆள். மும்பையில் நடக்கவிருந்த பெரிய போட்டிக்கு ரஃபி பாயிடம் ஒரே ஒரு இடம் இருந்தது. சென்னைப் போட்டியில் எங்களில் யார் முதலில் வருகிறானோ அவனுக்கு அது. அந்தோணி ஆந்திராவில் இருக்கும் கூடூரைத் தாண்டி ரயிலில் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மாதாவிடம் தனியாக வேண்டிக்கொள்கிறான் என்று அவன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

அந்தப் போட்டி, நகரத்தின் மறு கோடியில், ஒரு பெரிய கண்காட்சிக் கூடத்தில் நடந்தது. கூடத்தை மூன்று சுற்று ஓடினால் ஒரு கிலோமீட்டர். எத்தனை சுற்று என்று நாமேதான் எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த முறை நான் கேமராவுக்கு நிற்கவில்லை. தண்ணீரை ஓடிக்கொண்டே குடித்து மூக்கில் ஊற்றிக்கொண்டேன். முடிவு வந்தபோது நானே அதை இரண்டு தடவை படித்தேன். அந்தோணியைவிட ஐம்பது விநாடி முன்னால் வந்திருந்தேன்.

அந்தோணி வந்து கட்டிப்பிடித்தான். "மாமு, மெர்சலாய்ட்டேன்டா" என்றான். பிறகு முகம் கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான்.

இரண்டே நாளில் ரஃபி பாய் ஃப்ளெக்ஸ் அடித்து பஸ் ஸ்டாப் அருகே கட்டிவிட்டார். 'வடசென்னையின் வேங்கை' என்று போட்டு, கீழே நான். வேங்கை கொஞ்சம் சாப்பிட்ட வேங்கையாக இருந்தது.

அக்கா அன்று என் லேஸை இழுத்தபின் நிமிரவில்லை. கீழே உட்கார்ந்தபடியே நோட்டைத் திறந்து காட்டினார். என் எட்டு ஓட்டங்கள். ஆறே முக்கால், ஏழு, ஏழேகால் என்று ஒழுங்காகக் களைத்துக்கொண்டே போயின. ஐந்தாவது மட்டும் நாலு நிமிஷம் நாற்பது விநாடி.

"இது யாரு ஓடுனது?"

"நான்தான் அக்கா. வேகம் புடிச்சிகிச்சு."

"எத்த வச்சு ரவுண்டு எண்ணுன?"

வளைவில் மஞ்சள் தொப்பி போட்ட தொண்டர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று. சொன்னேன்.

"அவுரு நின்னாரா, நவுந்தாரா?"

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். ஐந்தாவது ஓட்டத்தில் வளைவில் அவரைப் பார்த்து ஒன்று என்றேன். அதே சுற்று முடிகிற இடத்தில், வாசலருகே, மறுபடி அவரைப் பார்த்து இரண்டு என்றேன். நான் சுற்றி வருவதற்குள் மனிதர் காற்றுக்காக நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டிருந்தார். மறு சுற்றில் மூன்று. மூன்று வந்துவிட்டதே என்று உள்ளே போனேன். ஓடியது இரண்டே சுற்று.

மறுபடியும் லாரி.

அக்கா காரணம் என்ற இடத்தைக் காலியாகவே விட்டு நோட்டை மூடினார். துணிப்பையின் ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த நாலு நாள் நான் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். அக்கா யாரோடு பேசினாலும் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. ரஃபி பாய் சிரித்தால் தெரிந்துவிட்டதோ என்றும், சிரிக்காவிட்டால் நிச்சயம் தெரிந்துவிட்டது என்றும் நினைத்தேன். பஸ் ஸ்டாப்பில் என் ஃப்ளெக்ஸே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. மூன்றாம் நாள் அக்காவுக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிப் போனேன். ஒன்றை எடுத்தார், பிய்த்து உள்ளே பார்த்தார், சாப்பிட்டார்.

"இது எதுக்கு?"

"சும்மா அக்கா."

"சும்மா ஆறு பஜ்ஜியா?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

நாலாம் நாள் அந்தோணி வந்தான். ரயிலில் போவதற்கென்று அவன் தனக்காக வாங்கியிருந்த புதுப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். "எனக்கு இன்னாத்துக்கு மாமு இனிமே. நீ எடுத்துனு போ" என்று என் கையில் கொடுத்தான். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத பை. அதை என் வண்டியில் கொண்டுபோய் வைத்தேன்.

அன்றே ரஃபி பாயிடம் போனேன். "பாய், அஞ்சாவது ஓட்டத்துல நான் ஒரு ரவுண்டு கம்மியா ஓடிட்டேன்."

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சோக்கு சொல்றான் பாரு!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். அவர்களும் சிரித்தார்கள். போன வருஷம் துடுப்பு மெஷினுக்குள் கடல் பாம்பு என்று கத்தி ஜிம்மையே காலி செய்தவன் நான். என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

"சத்தியமா பாய்" என்றேன். சிரிப்பு அதிகமானது.

அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா மாமு, என்ன அனுப்பறதுக்கு ட்ராமாவா? நீ குடுத்து நான் போவணுமா? வாணாம்டா" என்று வெளியே போய்விட்டான்.

பொய்யை நம்பி ஃப்ளெக்ஸ் அடிக்கிற ஊரில் உண்மையைச் சொல்லி அடி வாங்கிய நிலையில் நான் அக்காவிடம் ஓடினேன். "அந்த நோட்ட அவங்களுக்குக் காட்டுங்க அக்கா."

"காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"நோட்டக் காமிச்சா நான் உன்னப் புடிச்சேன்னு ஆயிடும். நீயா சொன்னதா ஆவாது. அப்பால அவுங்க என் நோட்டு மேல டவுட்டு படுவாங்க. படணும், அதான் கரீட்டு." நோட்டைப் பைக்குள் போட்டார். "பேப்பர நம்ப மாட்டாங்க. உன் வாய நம்ப மாட்டாங்க. கால காமி."

ஞாயிற்றுக்கிழமை காலை. கோடவுனுக்குப் பின்னால், லாரி நிற்காத ஒரு சந்து. கொத்தனாரிடம் வாங்கி வந்த டேப்பால் அக்காவே இருநூற்றைம்பது மீட்டர் அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்தார்; நாலு தடவை ஓடினால் ஒரு கிலோமீட்டர். இரு கோடியிலும் சுண்ணாம்புக் கோடு. "கோடு நவுராது" என்றார் என்னைப் பார்த்து. போட்டியில் போலவே நாலு ஓட்டம், நாலு வேலை. அப்புறம் அந்த ஐந்தாவது கிலோமீட்டர். நாலு நாற்பதில் ஓடினால் நான் பொய்யன், மும்பைக்குப் போகலாம். ஓட முடியாவிட்டால் நான் யோக்கியன், வீட்டுக்குப் போகலாம். அந்தோணி வர மாட்டேன் என்று சொல்லியிருந்தான். ஆனாலும் சந்து முனையில் பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

வாழ்க்கையில் அப்படி நான் ஓடியதில்லை. நான் யோக்கியன் என்று நிரூபிக்க மெதுவாக ஓட வேண்டும். ஆனால் மெதுவாக ஓடினால் நிரூபணமே கிடையாது. இருந்த மூச்சையெல்லாம் கொடுத்தேன். மூன்றாவது திருப்பத்தில் ஒரு மூதாட்டி கோலமாவை ஒதுக்கி வைத்துக்கொண்டு வழிவிட்டார். கடைசிக் கோட்டைத் தொட்டு அப்படியே சுவரில் சாய்ந்தேன்.

"ஆறு அம்பத்தஞ்சு" என்றார் ரஃபி பாய். ஆனால் அவர் முகம் மாறவில்லை. "வோணும்னே ஸ்லோவா ஓடிகீறான். நடிக்கிறான்பா."

அந்தோணி பைக்கை ஸ்டார்ட் செய்தான்.

அக்கா என்னிடம் வந்தார். என் கழுத்தில், தாடைக்குக் கீழே, இரண்டு விரலை அழுத்தி வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். லேஸ் முடிச்சைப் பிடிக்கும் அதே இரண்டு விரல். எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"இதுக்கு மேல ஓடுனா ஆம்புலன்ஸ்தான். உள்ள ஒண்ணுமே பாக்கி இல்ல. ஒழுங்காத்தான் ஓடிகீறான்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதேயில்லை. பைக் சத்தம் நின்றது. அந்தோணி வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "பையக் குடு" என்றான். அது என் வண்டியில்தான் இருந்தது. விலைச்சீட்டைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

ரஃபி பாய் சிக்கனமானவர். புது ஃப்ளெக்ஸ் அடிக்காமல், பழையதில் என் முகத்தின் மேல் அந்தோணி முகத்தை மட்டும் ஒட்டினார். "வயிறு யாருதுடா?" என்று அந்தோணி இன்றுவரை கேட்கிறான். மும்பையிலிருந்து திரும்பியவனிடம் அக்கா வாழ்த்துச் சொல்லவில்லை. நோட்டைத் திறந்துகொண்டு, "எங்க நின்ன?" என்றார்.

சில மாதங்களில் அவரைக் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து காலை ஆறு மணிக்கு வர முடியாது. கடைசி நாள் எல்லோர் லேஸையும் வரிசையாக இழுத்துக்கொண்டே வந்தார். நான் பழக்கப்படி காலை நீட்டினேன். அவர் குனியவில்லை.

"உன்னுது வாணாம். நம்பறேன்" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

என் கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலை குனிந்தேன். வலது கால் லேஸ் அவிழ்ந்து, முனை தரையில் புரண்டுகொண்டிருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அந்த ஒரு நம்பிக்கையோடு பஸ் ஏறியிருப்பார். ஆனால் வாய் கேட்கவில்லை. "அக்கா! அவுந்துகீது!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை.

"தெரியும்" என்றார். "சொல்றியான்னு பாத்தேன்."